எரிந்தது ஒன்று, எடுத்துப் போனது நாலு

எனக்கு வயது எழுபத்து நாலு. வளர்த்தது ஐந்து பேரை. மூன்று நான் பெற்றது, இரண்டு என் தம்பி விட்டுவிட்டுப் போனது. ஐந்து பேரில் ஒருவர்கூட எந்த வீட்டு வாசலிலும் போய்க் கை நீட்டியதில்லை. எழுத்து எனக்குக் கையெழுத்தோடு சரி. பஸ் போர்டு படிப்பேன், கல்யாணப் பத்திரிகையில் தெரிந்த பெயரைத் தேடுவேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்ல, என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். காலேஜில் படிக்கிறவள், வேகமாக எழுதுவாள். நான் வேகமாகச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பால்காரர் ஊற்றினால் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பேன். கோவிலில் அர்ச்சனை முடிந்து வருகிற தேங்காய் மூடி, நான் கொடுத்த தேங்காயின் மூடிதானா என்று பார்ப்பேன். இதைக் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும். எங்கள் ஷெட் இன்றைக்கும் எங்கள் கையில் இருப்பது இந்தக் குணத்தால்தான்.

ஷெட் ஆம்பூரில் இருக்கிறது. முலாம் போடுகிற ஷெட். ஷூவுக்கும் பெல்ட்டுக்கும் வைக்கிற பக்கிள், ரிவிட் எல்லாம் எங்கள் நிக்கல் தொட்டியில் குளித்துப் பளபளத்த பிறகுதான் கம்பெனிக்குப் போகும். ஊரே தோலில் பிழைக்க, நாங்கள் இரும்பில் பிழைத்தோம். என் வீட்டுக்காரர் ஆரம்பித்தது. அவர் போன பிறகு என் மூத்த மருமகன் பார்க்கிறார். அதற்கு முன் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். இப்போது எழுதிக்கொண்டிருப்பவளின் அப்பா. நான் தினமும் சாப்பிட்டுவிட்டுப் போய் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவேன். வருகிறவர் போகிறவர் எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தொட்டிக்கு வீட்டுக் கரண்ட் ஆகாது. அது முன்னும் பின்னும் ஆடுகிற கரண்ட். தொட்டிக்கு ஒரே திசையில் போகிற கரண்ட் வேண்டும். அந்த வேலையைச் செய்வது ரெக்டிபயர் என்கிற பச்சைப் பெட்டி, பீரோவில் பாதி உயரம். அதற்குள்ளே டயோடு. ரேடியோவுக்குள் மிளகு போல இருக்குமே, அந்த டயோடு இல்லை. என் கட்டைவிரலைவிடத் தடித்த போல்ட். ஒரு பக்கம் மரை, மறுபக்கம் செம்புப் பின்னலில் ஒரு வால். கரண்டை ஒரு பக்கமாகப் போக விடும், திரும்பி வர விடாது. ஒரே டயோடு அவ்வளவு கரண்டைத் தாங்காது என்பதால் பக்கத்தில் பக்கத்தில் நாலை நிறுத்தியிருப்பார்கள், ஈரத்தோல் மூட்டையை நாலு பேர் சேர்ந்து தூக்குகிற மாதிரி. இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் நாலு. இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவதற்குப் பேரலல் என்று பெயர். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நிறுத்தினால் சீரிஸ். மற்றவர்கள் இந்த இரண்டு வார்த்தையையும் படித்துக் கற்றிருப்பார்கள். நான் சந்தேகப்பட்டுக் கற்றேன்.

புதிதாக ஒரு தொட்டி போட இடம் வேண்டும் என்று மருமகன் அந்தப் பெட்டியை மூலைக்கு மாற்றினார். மாற்றியதிலிருந்து அது கிர்ரென்று நடுங்கியது. அவரே முதுகுப் பக்கத்து மூடியைத் திறந்து எதையோ முடுக்கினார். சத்தம் நின்றது. "பாத்தீங்களா அத்தை, இதுக்கெல்லாம் ஆள் கூப்பிட வேணாம்" என்று சொல்லிப் பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டார். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து இடப்பக்கத்தில் ஒரு டயோடு எரிந்தது.

மெக்கானிக் வாணியம்பாடியிலிருந்து வருகிறவர். என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து எங்கள் பெட்டிக்கு அவர்தான். தமிழில் ஆரம்பித்து உருதுவில் முடிப்பார். என்னை அக்கா என்பார், நான் பாய் என்பேன். அன்றைக்கு வந்தவர் இடப்பக்கத்து நாலுக்கும் புதிய டயோடு வைத்தார். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"எத்தினி போச்சு பாய்?"

"ஒண்ணுதான்க்கா."

"ஒண்ணு போனதுக்கு எதுக்கு நாலு புதுசு?"

"நாலும் ஒரே ஈடா இருக்கணும்க்கா. பழசு மூணு, புதுசு ஒண்ணுன்னு கலந்தா ஒருத்தன் ஜாஸ்தி இழுப்பான், ஒருத்தன் கம்மி இழுப்பான். ஜாஸ்தி இழுக்கிறவன் சீக்கிரம் போய்டுவான். அப்புறம் நீங்க என்னைத்தான் திட்டுவீங்க."

"சரி, பழைய மூணு எங்க?"

"பையில இருக்கு. வீட்ல டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்."

எரிந்தது ஒன்று, எடுத்துப் போனது நாலு. அவர் சொன்ன காரணம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கேட்பதற்கு நன்றாக இருக்கிற காரணம் எனக்கு எப்போதும் தொண்டையில் நிற்கும். அவர் பைக் தெரு முனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த மூணும் நாளைக்கு வேற ஷெட்ல புதுசுன்னு போய் உக்காரும், பாருங்க அத்தை."

நானும் அதையேதான் நினைத்திருந்தேன். ஆனால் நான் மனதில் நினைத்ததை இன்னொருவர் சத்தமாகச் சொல்லிவிட்டால் அவர் மேலும் எனக்கு ஒரு கண் விழுந்துவிடும்.

அதே இடப்பக்கத்தில் மறுபடியும் ஒன்று எரிந்தது. பாய் வருவதற்குள் மருமகன் நாலு டயோடையும் கழற்றி ஒரு சில்வர் தட்டில் போட்டு வைத்திருந்தார், நேரம் மிச்சமாகுமாம். பாய் தட்டிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் பல்பு வைத்துப் பார்த்து, மறுபடியும் நாலையும் புதிதாக வைத்தார். இந்தத் தடவை நான் விடவில்லை.

"நல்லா இருக்கிற மூணையும் இங்கேயே வச்சுட்டுப் போ பாய்."

"வச்சுக்கோங்க. பொட்டு வச்சு பூஜை பண்ணுங்க!"

பக்கிள் துடைக்கிற பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த மூன்றையும் டப்பாவில் போட்டுப் பூட்டினேன். பொட்டும் வைத்தேன். பேத்தியின் சிவப்பு நகப்பூச்சை வாங்கிப் போய், மறுநாள் கரண்ட் போடுவதற்கு முன்னால், பெட்டியில் இருந்த புதிய டயோடுகளில் முதலாவதுக்கு ஒரு பொட்டு, இரண்டாவதுக்கு இரண்டு, இப்படி நாலாவது வரைக்கும் வைத்தேன். பாய் எதையாவது மாற்றினால் எனக்குத் தெரிந்துவிடும். இதை மருமகனிடமும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த தடவை எரிந்தபோது தட்டில் எட்டிப் பார்த்தேன். கருகியிருந்ததில் மூன்று பொட்டு. பாய் வந்து புதிது வைத்துப் போனார், நான் மறுபடியும் பொட்டு வைத்தேன். அதற்கப்புறமும் ஒரு முறை. அதிலும் மூன்று பொட்டு.

அப்போது எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. தானாக எரிந்தால் ஒரு தடவை முதலாவது எரியும், ஒரு தடவை கடைசி எரியும். ஒரே இடம் எரிகிறது என்றால் ஒருவர் அந்த இடத்தில் வேண்டுமென்றே கெட்டதை வைக்கிறார். வைப்பது யார்? பாய். இருபது வருஷமாக என் கையால் டீ வாங்கிக் குடித்தவர்.

அன்று மருமகன் ஒரு முடிவோடு வந்தார். "வெள்ளிக்கிழமை டீக்கடைக்கு எல்லா ஷெட்காரங்களும் வருவாங்க. நம்ம பாய் கை சுத்தம் இல்லன்னு சொல்லிடப் போறேன்."

எங்கள் ஊரில் முலாம் ஷெட் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லார் பெட்டியையும் திறக்கிறவர் பாய்தான். எங்கள் ஷெட்டிலிருந்து அப்படி ஒரு வார்த்தை போனால், அதற்கப்புறம் எவரும் அவரைப் பெட்டிப் பக்கம் விட மாட்டார்கள். அவர் வயதில் வேறு தொழிலுக்குப் போகவும் முடியாது. எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. ஆனால் கண்ணால் பார்க்காத திருட்டை டீக்கடையில் சொல்கிற குடும்பம் இல்லை எங்களுடையது.

"பிடிச்சுக் குடுக்கிறது நான். அதுவரைக்கும் நீங்க வாயைத் திறக்காதீங்க மாப்பிள்ளை" என்றேன்.

"அப்போ பாயைக் கூப்பிட வேணாம். ராணிப்பேட்டையில எனக்கு ஒரு தோஸ்த் இருக்கான். வெல்டிங் செட்டெல்லாம் பாக்கிறவன்."

அந்தத் தோஸ்த் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் வருகிற மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை, அதையும் மனதில் வைத்துக்கொண்டேன். புதிய டயோடு எதுவும் அவர் கொண்டுவரவில்லை. பொட்டு வைத்த மூன்றையும் அதனதன் இடத்தில் வைத்தார். மூன்றாவது இடத்துக்கு மட்டும் என் டப்பாவில் இருந்த பழசில் இரண்டை வாங்கி, ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கோத்து வைத்தார்.

"ஒண்ணு தாங்கலியா, ரெண்டு போட்டாச்சு. சீரிஸ். இனிமே உங்க பேத்தி கல்யாணம் வரைக்கும் எரியாதும்மா."

இதுவும் கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பெட்டி டப்பென்றது. கரண்ட்டை நிறுத்தித் திறந்தார்கள். ஒற்றைப் பொட்டும் நாலு பொட்டும் கருகிக் கிடந்தன. மூன்றாவது இடத்தில் இருந்த ஜோடியை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். மண்பானை மாதிரிச் சில்லென்று இருந்தது. தோஸ்த் தலையைச் சொறிந்தார். "டயோடே டூப்ளிகேட்டும்மா, பாய் குடுத்தது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மருமகன் என்னைப் பார்த்த பார்வையில், நான் சொல்லவில்லையா என்று இருந்தது.

நான் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து யோசித்தேன். பாய் வைத்துவிட்டுப் போனபோதெல்லாம் மூன்றாவது எரிந்தது. பாய் கை வைக்காத இன்றைக்கு, எப்போதும் எரிகிற மூன்றாவது மட்டும் சுகமாக இருக்கிறது. பாய் மேல் நான் கட்டியிருந்த கேஸ் இதில் எங்கேயோ இடித்தது. துடைக்கிற பெண் ஒருத்தியின் போனில் பாயைக் கூப்பிடச் சொன்னேன்.

மருமகன் அவரைச் சந்தேகப்படுகிற விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது போல. வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"என்னைக் கூப்பிட உங்க மாப்பிள்ளைக்கு மனசு வந்துச்சாக்கா?"

"கூப்பிட்டது நானு. உள்ள வா."

பெட்டியைப் பார்த்ததும் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "யா அல்லா! யாருக்கா இந்த வேலை பண்ணது? மத்த மூணு வழியிலயும் ஒவ்வொரு கதவு. இந்த வழியில மட்டும் ரெண்டு கதவு. கரண்ட் எதுல போகும்? சுலபமா இருக்கிற வழியிலதான் போகும். இவனுங்க ரெண்டு பேரும் பீடி புடிச்சுக்கினு நின்னானுங்க. மீதி மூணு பேர் நாலு பேர் பாரத்தைத் தூக்கினானுங்க, அதுல ரெண்டு பேர் செத்தானுங்க."

"அப்போ சீரிஸ்னு ஒண்ணு எதுக்குத்தான் இருக்குது?"

"அது வோல்டேஜ் ஜாஸ்தி இருக்கிற எடத்துக்குக்கா. ஒரு சுவர் தாங்கலன்னா பின்னாடி இன்னொரு சுவர். அங்கேயும் சும்மா நிறுத்தக் கூடாது. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு ரெசிஸ்டன்ஸ் போட்டுப் பாரத்தைச் சமமாப் பிரிக்கணும். இல்லன்னா எவனாவது ஒருத்தன் தலையில மொத்தமா விழும். நம்ம தொட்டிக்கு வோல்டேஜ் கம்மி. கரண்ட்தான் ஜாஸ்தி."

மருமகன் அந்தப் பக்கம் போனில் பேசுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். போனில் யாரும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் பாயிடம் சொன்னேன்.

"இதுக்கு முன்னாடி எரிஞ்சதெல்லாம் மூணாவதுதான் பாய்."

பாயின் சிரிப்பு நின்றது. "எல்லாத் தடவையுமா? யாரு சொன்னா?"

"பொட்டு வச்சிருந்தேன். வச்சதுலேர்ந்து மூணாவதுதான்."

"எதுக்குப் பொட்டு?"

"நீ மாத்திட்டுப் போய்டுவேன்னு."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார். "பொட்டு வச்சீங்க, சரி. அதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? மொதத் தடவைக்கப்புறம் எனக்கு எப்பவும் நாலையும் கழட்டித் தட்டுல போட்டுத்தான் குடுக்கறாங்க. எது எந்த எடத்துலேர்ந்து வந்ததுன்னு நான் எப்படிக் கண்டேன்? ஒரே எடம் எரிஞ்சா டயோடு மேல தப்பு இல்லக்கா. எடத்து மேல தப்பு." ஷெட்டு ஆட்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "பெட்டிய முன்னாடி இழுங்கப்பா. முதுகைப் பாக்கணும்."

"பின்னாடி ஒண்ணும் இல்ல பாய், டைம் வேஸ்ட்டு" என்றார் மருமகன். போன் சட்டைப் பைக்குள் போயிருந்தது.

நான் பெட்டியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். "இழுங்க" என்றேன்.

ஆட்கள் இழுத்தார்கள். முதுகு மூடியைக் கழற்றினார் பாய். ஒவ்வொரு டயோடும் ஒரு அலுமினியக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறது, நாலு கட்டையும் பின்னால் ஒரே செம்புப் பட்டையில் முடுக்கியிருக்கிறது. மூன்றாவது கட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் கறுப்பாக ஏதோ. பாய் போல்ட்டைத் தளர்த்தி ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். கருகிய அப்பளம் மாதிரிச் சுருண்டு விழுந்தது. எடுத்து மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

தோல். பக்கிள் பின்னால் வைப்பதற்குக் கம்பெனியில் வெட்டுகிற துண்டு.

"நாலு பேரும் ஒரே பட்டையில ஒட்டி உக்காரணும்க்கா. ஒருத்தனுக்குச் சூடு ஏறினா அது மத்தவனுக்கும் போகணும். அப்பத்தான் சமமா இழுப்பாங்க. இவனுக்குப் பின்னாடி கம்பளி போத்தின மாதிரித் தோலை வச்சிட்டாங்க. சூடு போறதுக்கு வழி இல்ல. மனுசன் சூடானா வேலையைக் கீழே போட்ருவான். டயோடு சூடானா இன்னும் ஜாஸ்தி இழுக்கும். இழுக்க இழுக்கச் சூடு, சூடு ஏற ஏற இன்னும் இழுக்கும். அப்புறம் டப்."

அந்த வாடை எனக்குப் புதிதில்லை. பெட்டியை மூலைக்குத் தள்ளிய நாளிலிருந்து அது ஷெட்டுக்குள் இருந்தது. வேறு ஊராக இருந்தால் என்ன பொசுங்குகிறது என்று ஒருவராவது கேட்டிருப்பார். எங்கள் ஊரில் தோல் பொசுங்குகிற வாடையை யார் வாடை என்று நினைப்பார்கள்? பக்கத்துக் காலி மனையில் கழிவுத் தோலை யாரோ கொளுத்துகிறார்கள் என்று நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பால் தண்ணியா என்று சாய்த்துப் பார்க்கிற நான்.

எல்லாரும் மருமகனைப் பார்த்தார்கள்.

"சத்தம் வந்துதுன்னு ஒரு துண்டு தோல் வச்சு முடுக்கினேன் அத்தை. நம்ம ஊர்ல யார்தான் வைக்கல?" என்றார்.

அதுவும் உண்மை. மேசை ஆடினால் காலுக்கடியில் தோல். ஜன்னல் அடித்தால் இடுக்கில் தோல். கிரைண்டர் நகர்ந்தால் தோல். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் ஒரு காலுக்கடியிலும் ஒரு துண்டு இருந்தது. பாய் அதைக் கையால் காட்ட, பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். மருமகனும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பழக்கத்தில் வைத்தது என்றே இருக்கட்டும். ஆனால் முதல் தடவைக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் பாய் வருவதற்குள் நாலையும் கழற்றித் தட்டில் போட்டது எதற்கு? பெட்டியை இழுக்க வேண்டாம் என்றது எதற்கு? ராணிப்பேட்டை தோஸ்த் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக இருந்த மாதிரி வந்தது எப்படி? இந்தக் கேள்விகளை நான் அன்றைக்கு வெளியே கேட்கவில்லை. மகள் வாழ்கிற வீடு. கேட்டால் ஏதோ ஒரு பதில் வரும், அதுவும் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும்.

கேட்பதற்குப் பதிலாக ஒன்று செய்தேன். "வெள்ளிக்கிழமை டீக்கடைக்குப் போறேன்னீங்களே, போங்க மாப்பிள்ளை. பாயை உங்க வண்டியிலயே உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போங்க. பெட்டிக்குள்ள தோல் வச்சது யாருன்னு உங்க வாயாலயே சொல்லுங்க. நாளைக்குத் தெரிஞ்சா நம்மைத்தான் சிரிப்பாங்க, முன்னாடியே சிரிச்சுட்டுப் போகட்டும்."

அவர் முகம் சுண்டியது. ஆனாலும் போனார். போனாரா, சொன்னாரா என்று துடைக்கிற பெண்ணின் புருஷனை விட்டு விசாரித்தேன். சொன்னாராம். ஷெட்காரர்கள் டீ புரையேறச் சிரித்தார்களாம். அவர்களில் ஒருவர் மட்டும் சிரிக்காமல் பாதி டீயை வைத்துவிட்டு, பாயையும் கூட்டிக்கொண்டு தன் பெட்டியின் முதுகைத் திறந்து பார்க்கக் கிளம்பினாராம். அதைக் கேட்ட பிறகுதான் விசாரிப்பதை நிறுத்தினேன். பாய்க்கு வேலை போகவில்லை.

அடுத்த முறை பாய் வந்தபோது டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்.

"என்னைத் திருடன்னு நெனைச்சீங்க இல்லக்கா?"

"இப்பவும் முழுசா விடல. மொதல்ல எடுத்துட்டுப் போன மூணு எங்க?"

அவர் டம்ளரை வைத்துவிட்டுப் பையைத் துழாவி, துணியில் சுற்றிய மூன்று டயோடுகளை எடுத்து என் மடியில் வைத்தார். "ரெண்டு நல்லது. ஒண்ணு பேஜார், அதை யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றார். வாங்கி டப்பாவில் வைத்தேன். அவை எங்களுடைய டயோடுதானா என்பது எனக்குத் தெரியாது. அப்போது நான் பொட்டு வைக்க ஆரம்பித்திருக்கவில்லை.

அந்த மூலையில் பெட்டி இப்போது முதுகை வெளியே காட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படித்தான் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். என் நாற்காலியையும் அங்கே மாற்றிப் போட்டாயிற்று. கருகிய தோல் துண்டு என் சுருக்குப் பையில் இருக்கிறது. எடுத்து மோந்து பார்த்தால் இன்னும் வாடை அடிக்கிறது.

இவ்வளவுதான் சொல்ல நினைத்தது. எழுதுகிறவள் நல்ல பெண்தான். ஆனால் நான் சொல்லிக்கொண்டு வந்தபோது ஒரு இடத்தில் இவள் பேனா நின்றுவிட்டு, பிறகு கொஞ்சமாகத்தான் ஓடியது. எனக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது, பேனா ஓடுவதும் நிற்பதும் தெரியும். சரி கண்ணு, எழுதினதைப் படிச்சுக் காட்டு. மொதல்லேர்ந்து வேணாம். பெட்டியை இழுக்க வேணாம்னு உங்க அப்பா சொன்னாரே, அங்கேர்ந்து படி.